சாலையில் செயல்படும் விசைகள்: சீட் பெல்ட்டும் தலைக்கவசமும் உயிரைக் காப்பது எப்படி?

புதுதில்லி: நாடு முழுவதும் 2022ஆம் ஆண்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்ததாகவும், அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்ததாகவும் மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. சராசரியாக ஒவ்வொரு மணி நேரத்திலும் 19 பேர் சாலையில் உயிரிழந்துள்ளனர். இவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாதவர்கள்; 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். உயிரிழப்புகளில் ஏறத்தாழ 71 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் படிக்கும் ‘விசையும் இயக்கமும்’ என்ற பாடத்திலேயே அடங்கியுள்ளது. நிலைமம், உந்தம், உராய்வு, முடுக்கம் ஆகிய நான்கு சொற்களைப் புரிந்துகொண்டால், சாலை விதிகள் ஒவ்வொன்றும் எதற்காக வகுக்கப்பட்டன என்பதும் புரியும். ஆங்கிலேய அறிவியலாளர் ஐசக் நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கிய மூன்று இயக்க விதிகள், இன்றைய நெடுஞ்சாலைகளில் ஓடும் கார், லாரி, இருசக்கர வாகனம் என அனைத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன.

வண்டி நின்றாலும் உடல் நிற்பதில்லை

ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து திடீரென நிற்கும்போது, நின்றுகொண்டு பயணம் செய்வோர் முன்பக்கமாகச் சாய்கின்றனர். அவர்களை எவரும் பின்னாலிருந்து தள்ளுவதில்லை. பேருந்தின் வேகம் பிரேக்கினால் குறைகிறது. பயணிகளின் கால்களும் தரையுடன் சேர்ந்து நிற்கின்றன. ஆனால், மேல் உடலை நிறுத்தும் விசை எதுவும் அதன்மீது செயல்படாததால், அது முன்பிருந்த வேகத்திலேயே தொடர்ந்து செல்ல முற்படுகிறது.

வெளியிலிருந்து ஒரு விசை செயல்படாத வரையில், ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும்; இயங்கிக்கொண்டிருக்கும் பொருள் அதே வேகத்தில் நேர்க்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது நியூட்டனின் முதல் விதி. பொருளின் இந்த இயல்புக்கு ‘நிலைமம்’ என்று பெயர். நிறை அதிகமாக இருந்தால் நிலைமமும் அதிகமாக இருக்கும்.

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் அமர்ந்திருப்பவர், இருக்கையில் அசையாமல் இருப்பதாகவே உணர்வார். சாலையைப் பொறுத்தவரையில் அவரும் அதே 54 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறார். கார் ஒரு சுவரில் மோதி நின்றால், சுவர் நிறுத்துவது காரை மட்டுமே. சீட் பெல்ட் அணியாத பயணியை நிறுத்துவது காருக்குள் அவருக்கு எதிரே உள்ள பொருள்தான். ஓட்டுநருக்கு அது ஸ்டீயரிங் சக்கரம். முன் இருக்கைப் பயணிக்கு டேஷ்போர்டு அல்லது கண்ணாடி. பின் இருக்கையில் இருப்பவருக்கு முன் இருக்கையும் அதில் அமர்ந்திருக்கும் மனிதரும்.

பின் இருக்கை பாதுகாப்பானது, அங்கே சீட் பெல்ட் தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நிலைமம் முன் இருக்கை, பின் இருக்கை என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உள்ளிட்ட இருவர் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் நேரிட்ட கார் விபத்தில் உயிரிழந்தனர். பின் இருக்கையில் இருந்த அவ்விருவரும் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல் துறை தெரிவித்தது. அதன் பிறகே பின் இருக்கை சீட் பெல்ட் குறித்த விவாதம் நாடு முழுவதும் எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால்

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும்போது வேகத்தின் ஆபத்து மனத்தில் பதிவதில்லை. அதை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றிக்கொள்வது பயன் தரும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர்; 54 கிலோமீட்டர் என்பது 15 மீட்டர்; 72 கிலோமீட்டர் என்பது 20 மீட்டர். கிலோமீட்டர் கணக்கில் உள்ள எண்ணை 18ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் இந்த விடை கிடைக்கும்.

இதே வேகத்தை வேறொரு வகையிலும் பெற முடியும். உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம், புவியீர்ப்பு விசையால் ஒவ்வொரு விநாடியும் சுமார் 10 மீட்டர் வீதம் கூடுகிறது. அந்தக் கணக்கின்படி, 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். 54 கிலோமீட்டர் வேகத்துக்கு 11 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் தேவை. 72 கிலோமீட்டர் வேகத்துக்கு 20 மீட்டர் உயரம், அதாவது ஏறத்தாழ ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சி தேவை.

இங்கு ஓர் உண்மை வெளிப்படுகிறது. வேகம் 36இலிருந்து 72ஆக இரு மடங்கானபோது, உயரம் 5இலிருந்து 20 மீட்டராக நான்கு மடங்காகிவிட்டது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதே இதற்குக் காரணம். ஆறாவது மாடியின் விளிம்பில் நிற்பவர் இயல்பாகவே அஞ்சி ஒதுங்குகிறார். அதே ஆற்றலுடன் சாலையில் செல்பவருக்கு அந்த அச்சம் தோன்றுவதில்லை.

மடியில் அமர்ந்திருக்கும் குழந்தை

காரின் முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ‘கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் போதும்’ என்று பெற்றோர் பலர் கருதுகின்றனர். அந்த நம்பிக்கை சரியானதா என்பதை நியூட்டனின் இரண்டாம் விதியைக் கொண்டு கணக்கிடலாம்.

பொருளின் நிறையையும் அதன் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது ‘உந்தம்’. உந்தம் எவ்வளவு மாறுகிறது என்பதை, அந்த மாற்றம் நிகழ எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் கிடைப்பது விசை. விசையின் அலகு நியூட்டன். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளைக் கையில் தாங்கிப் பிடிக்கச் சுமார் 10 நியூட்டன் விசை தேவைப்படுகிறது.

குழந்தையின் நிறை 10 கிலோகிராம் என்றும், கார் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும் கொண்டால், குழந்தையின் உந்தம் 150 அலகுகள். கார் மோதி 0.1 விநாடியில் நின்றுவிடுகிறது எனில், குழந்தையையும் அதே நேரத்தில் நிறுத்தத் தேவைப்படும் விசை 150ஐ 0.1ஆல் வகுத்தால் வரும் 1,500 நியூட்டன். 150 கிலோகிராம் எடையுள்ள மூட்டையைத் திடீரென இரு கைகளில் தாங்குவதற்கு இது சமம். எவ்வளவு வலிமை உள்ளவராலும் இது இயலாது. மேலும், மடியில் வைத்திருப்பவர் சீட் பெல்ட் அணியாதவராக இருந்தால், அவரது உடலும் முன்னோக்கி வீசப்பட்டுக் குழந்தையின் மீதே மோதும்.

குழந்தைகளுக்கென வடிவமைக்கப்பட்ட தனி இருக்கை, பின் இருக்கையில் பொருத்தப்பட்டு, வார்களால் குழந்தையைப் பிணைக்கிறது. தாயின் கைகளால் தர முடியாத விசையை அந்த வார்கள் தருகின்றன.

நேரம் நீண்டால் விசை குறையும்

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும் வீரர், கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே பிடிக்கிறார். பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் இதனால் நீள்கிறது. கையில் படும் விசை குறைகிறது. சாலைப் பாதுகாப்புக் கருவிகள் பலவும் இந்த ஒரே கருத்தின் அடிப்படையில் செயல்படுகின்றன.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பயணம் செய்யும்போது அவரது உந்தம் 900 அலகுகள். காரின் முன்பகுதி மோதலில் நசுங்கும்போது, சீட் பெல்ட் அணிந்த பயணி காருடன் சேர்ந்து 0.1 விநாடியில் நிற்கிறார் எனில், அவர் மீது செயல்படும் சராசரி விசை 9,000 நியூட்டன். சீட் பெல்ட் அணியாதவர் முன்பகுதி நசுங்கி முடிந்த பிறகு, ஏற்கெனவே நின்றுவிட்ட டேஷ்போர்டில் மோதி 0.01 விநாடியில் நிற்கிறார் எனில், விசை 90,000 நியூட்டனாக, பத்து மடங்காக உயர்கிறது. இரு பயணிகளின் உந்தமும் ஒன்றுதான். அதை இழக்க எடுத்துக்கொண்ட நேரம் மட்டுமே வேறுபடுகிறது.

இதனுடன் மற்றொரு நன்மையும் உண்டு. தோளிலும் இடுப்பிலும் படியும் சீட் பெல்ட், விசையை மார்புக்கூடு, தோள் எலும்பு, இடுப்பு எலும்பு ஆகிய வலுவான பகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. விசை பரவும் பரப்பு கூடும்போது அழுத்தம் குறையும் என்பதும் பள்ளிப் பாடத்தில் உள்ளதே. மூன்று இடங்களில் பொருத்தப்படும் இந்த வகை சீட் பெல்ட்டை, சுவீடனின் வோல்வோ நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். 1959ஆம் ஆண்டு அது அறிமுகமானது. பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அனுமதித்தது.

ஏர்பேக் எனப்படும் காற்றுப் பையும் நேரத்தை நீட்டும் கருவியே. ஆனால், அது சீட் பெல்ட்டுக்குத் துணையாகச் செயல்படுவதற்காக உருவாக்கப்பட்டது. அதற்கு மாற்று ஆகாது. காற்றுப் பை மிகுந்த வேகத்தில் விரிவதால், சீட் பெல்ட் அணியாமல் அதன் அருகே சாய்ந்திருப்பவருக்கு அதனாலேயே காயம் ஏற்படக்கூடும்.

காரின் முன்பகுதி எளிதில் நசுங்குவதைக் கண்டு, ‘பழைய கார்கள்தான் உறுதியானவை’ என்று சிலர் கூறுவதுண்டு. முன்பகுதி நசுங்குவது குறைபாடன்று. பயணிகள் அமர்ந்திருக்கும் கூடு உருக்குலையாமல் இருப்பதற்காக, மோதலின் ஆற்றலை முன்பகுதி ஏற்றுக்கொள்ளுமாறு பொறியாளர்கள் திட்டமிட்டே வடிவமைக்கின்றனர். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ‘பாரத் என்சிஏபி’ திட்டத்தின் கீழ், கார்கள் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது மோதச் செய்யப்பட்டு, அவற்றின் பாதுகாப்புக்கு நட்சத்திரத் தரம் வழங்கப்படுகிறது.

தலைக்கவசத்துக்குள் இருக்கும் தெர்மோகோல்

தலைக்கவசத்தின் வெளி ஓடு கடினமாக இருப்பதால்தான் தலை காப்பாற்றப்படுகிறது எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கின் பங்கு மிகப் பெரியது. மோதும்போது அந்த அடுக்கு நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சிறு நேரத்தில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது.

இருசக்கர வாகனத்திலிருந்து சரிந்து விழுபவரின் தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைகிறது எனக் கொள்ளலாம். விழும் உயரத்தை, தலை நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு எதிர்முடுக்கம் தலைக்கு ஏற்படும் என்பது தெரியும். தலைக்கவசம் இல்லாமல் 5 மில்லிமீட்டரில் தலை நிற்க நேர்ந்தால், அது 300 மடங்கு. தலைக்கவசத்தின் உள் அடுக்கு 25 மில்லிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால், அது 60 மடங்கு. வாகனத்தின் வேகத்தைக் கணக்கில் கொள்ளாமல், வெறும் விழுதலுக்கு மட்டுமே வரும் எண்கள் இவை.

மண்டையோட்டுக்குள் மூளையும் நிலைமத்துக்கு உட்பட்டதே. மண்டையோடு திடீரென நிற்கும்போது மூளை தொடர்ந்து நகர்ந்து அதன் உட்சுவரில் மோதுகிறது. வெளியே காயம் தெரியாத நிலையிலும் தலைக்காயம் உயிரைப் பறிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசத்தின் உள் அடுக்கு ஏற்கெனவே நசுங்கியிருக்கும் என்பதால், அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால், நிலைமம் காரணமாகத் தலைக்கவசம் முதலில் கழன்று பறந்துவிடும். ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர விதியின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசத்தையே வாங்க வேண்டும் என வலியுறுத்தப்படுவதற்குக் காரணம், உள் அடுக்கு உரிய அளவில் அதிர்வைத் தாங்குகிறதா என்பது அதில் சோதிக்கப்படுவதே.

நாற்பது மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன்

அபாயத்தைக் கண்டவுடன் வாகனம் நின்றுவிடுவதில்லை. ஓட்டுநர் அதை உணர்ந்து பிரேக்கை அழுத்துவதற்குச் சுமார் ஒரு விநாடி ஆகிறது எனில், அதுவரை வாகனம் வேகம் குறையாமல் ஓடும். அதன் பிறகே பிரேக் செயல்படத் தொடங்கும். கணக்கின் எளிமைக்காக, பிரேக்கினால் ஒவ்வொரு விநாடியும் 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது எனக் கொண்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்கு 20 மீட்டர் தேவை. 54 கிலோமீட்டர் வேகத்தில் 37.5 மீட்டரும், 72 கிலோமீட்டர் வேகத்தில் 60 மீட்டரும், 108 கிலோமீட்டர் வேகத்தில் 120 மீட்டரும் தேவைப்படும்.

பள்ளி அருகே, காருக்கு 40 மீட்டர் முன்னால் ஒரு சிறுவன் சாலையில் இறங்குகிறான் எனக் கொள்ளலாம். 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார், அவனுக்கு இரண்டரை மீட்டர் முன்பாக நின்றுவிடும். 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் என்ன ஆகும்? முதல் விநாடியிலேயே 20 மீட்டர் கடந்துவிடும். மீதமுள்ள 20 மீட்டரில் முழு பலத்துடன் பிரேக் பிடித்தாலும், சிறுவனை அடையும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 51 கிலோமீட்டராக இருக்கும். புறப்பட்டபோது இரு கார்களின் வேகத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு 18 கிலோமீட்டர்தான். ஒன்று உரசாமல் நின்றது. மற்றொன்று உயிரைப் பறிக்கும் வேகத்தில் மோதியது.

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர், பார்வையைத் திருப்ப இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் அந்த 40 மீட்டரும் கடந்துபோயிருக்கும். அவர் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

உராய்வு: சாலையில் கிடைக்கும் பிடிப்பு

இயந்திரங்களில் தேய்மானத்தை உண்டாக்கும் உராய்வு, சாலையில் இன்றியமையாதது. வாகனம் புறப்படவும், திரும்பவும், நிற்கவும் தேவையான விசை, டயருக்கும் சாலைக்கும் இடையே ஏற்படும் உராய்விலிருந்தே கிடைக்கிறது. மழை பெய்யும்போது இடையில் படியும் நீர் இந்த உராய்வைக் குறைக்கிறது. பிரேக்கின் பயன் பாதியாகக் குறைந்தால், 54 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்குத் தேவையான தூரம் 37.5 மீட்டரிலிருந்து 60 மீட்டராக உயர்ந்துவிடும். டயரில் உள்ள பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காகவே அமைக்கப்பட்டுள்ளன. தேய்ந்து வழவழப்பான டயர், நீரின் மீது மிதந்து சறுக்கும்.

சக்கரம் உருளும்போது, சாலையைத் தொடும் டயர்ப் பகுதி சறுக்குவதில்லை. அங்கே கிடைப்பது நிலை உராய்வு. பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தினால் சக்கரம் சுழல்வது நின்று, வாகனம் சறுக்கத் தொடங்கும். அப்போது கிடைப்பது சறுக்கு உராய்வு. இது நிலை உராய்வைவிடக் குறைவானது. சக்கரம் முழுவதுமாகப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் நோக்கம், உராய்வைக் கூடுமானவரை உயர்ந்த அளவில் வைத்திருப்பதே. வாகனம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் திரும்புவதற்கும் இது உதவுகிறது.

மலைப்பாதை வளைவுகளில் உராய்வுக்கு மற்றொரு வேலையும் உண்டு. நிலைமம் வாகனத்தை நேராகச் செலுத்த முற்படும்போது, அதை வளைவுக்குள் திருப்பும் மையநோக்கு விசையை உராய்வே தருகிறது. இந்த விசையின் தேவையும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. உலர்ந்த நிலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வரை பாதுகாப்பாகத் திரும்பக்கூடிய ஒரு வளைவில், மணலோ எண்ணெயோ படிந்து உராய்வு பாதியானால், பாதுகாப்பான வேகம் சுமார் 25 கிலோமீட்டராகக் குறைந்துவிடும்.

லாரியும் காரும் மோதும்போது

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி. 16 டன் லாரியும் ஒரு டன் காரும் மோதும்போது, லாரி காரின் மீது செலுத்தும் விசையும், கார் லாரியின் மீது செலுத்தும் விசையும் சமமே. அப்படியானால் காரில் இருப்பவர்களுக்கே பாதிப்பு அதிகமாவது ஏன்? சமமான விசை, 16 மடங்கு குறைந்த நிறையுள்ள காருக்கு 16 மடங்கு அதிக முடுக்கத்தைத் தருகிறது. அந்த முடுக்கமே உள்ளே இருப்பவர்களின் உடலைத் தாக்குகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வரும் அந்த லாரியின் உந்தத்தை எட்ட வேண்டுமானால், கார் 576 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டியிருக்கும். லாரி மெதுவாக வருகிறது என எண்ணி அதன் குறுக்கே செல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவின்படி, இருசக்கர வாகனத்தில் பயணம் செய்யும் நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்குத் தலைக்கவசத்துடன் பாதுகாப்பு வாரும் தேவை. அவர்களை ஏற்றிச் செல்லும் இருசக்கர வாகனம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, சீட் பெல்ட் அணியாமல் இருப்பதற்கும் தலைக்கவசம் அணியாமல் இருப்பதற்கும் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படுகிறது. சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வகுப்பறையில் செய்து பார்க்க ஒரு சோதனை

எதிர்வினை நேரம் என்பதை மாணவர்கள் தாங்களே அளந்து பார்க்கலாம். ஒருவர் 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொருவர் அதன் சுழிக் குறிக்கு நேராக விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி அளவுகோலை விட்டதும், மற்றவர் அதைப் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் குறியில் பிடித்தால், எதிர்வினை நேரம் சுமார் 0.2 விநாடி. அளவுகோலே நழுவிக் கீழே விழுந்துவிட்டால், எதிர்வினை நேரம் கால் விநாடியையும் தாண்டிவிட்டது என்று பொருள்.

முழுக் கவனத்துடன் காத்திருக்கும்போது கிடைக்கும் விடை இது. அடுத்ததாக, நண்பருடன் பேசிக்கொண்டோ, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டோ அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை, வீட்டில் உள்ள வாகனம் வழக்கமாகச் செல்லும் வேகத்தால் பெருக்கினால், கவனம் சிதறும் ஒவ்வொரு முறையும் அந்த வாகனம் கூடுதலாக எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது தெரியவரும். அந்த எண்ணை அன்று மாலையே, வாகனம் ஓட்டும் பெற்றோரிடம் மாணவர்கள் எடுத்துச் சொல்லலாம்.